வலப்பக்கத்தில் நடந்தவர்

என் விளையாட்டு ஏன் பாதியிலேயே நின்றுபோனது என்பதற்கு இணையத்தில் நாலைந்து காரணங்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பெரிய கம்பெனி ஒன்று அதை விலைக்கு வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டதாம். யாரோ கேஸ் போட்டுவிட்டார்களாம். அதைச் செய்துகொண்டிருந்தபோது நானே எதையோ பார்த்துப் பயந்து, புத்தி பேதலித்து, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறேனாம். நான் செத்தே போய்விட்டேன் என்று அடித்துச் சொல்கிற ஒருவரும் இருக்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் நான் வாயே திறக்கவில்லை என்பது அவர் காட்டும் ஆதாரம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதையெல்லாம் படித்திருக்கிறேன்.

அப்பாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, அதனால் நிறுத்திவிட்டான் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. பேய் விளையாட்டு நின்றுபோனதற்கு இப்படி ஒரு காரணம் யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றியிருக்காது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிரிவலம் போகும்போது மலை நம் வலப்பக்கம் இருக்கும். நாம் சாலையின் இடது ஓரமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலது ஓரத்தில் சித்தர்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வழி விட வேண்டும் என்பது நம்பிக்கை. பௌர்ணமிக் கூட்டத்தில் இதெல்லாம் ஆகிற காரியமா? சாலை முழுக்கத் தலைகளாக இருக்கும். ஆனால் அப்பா விடமாட்டார். கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் இடது ஓரத்துச் சாக்கடை மூடிமேல் ஏறியாவது நடப்பார். யாராவது சிரித்தால், "அவங்க பாட்டுக்கு வராங்க, நாம ஏன் இடிக்கணும்" என்பார். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

அப்பா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தவர். பௌர்ணமி என்றால் லாட்ஜில் மூச்சு விட நேரம் இருக்காது. அன்றைக்கு மட்டும் மத்தியானத்துக்கு மேல் நாலு மணி நேரம் என்னைத் தேடக்கூடாது என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஆறாவது படித்தபோது எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து, பிழைப்பேனா மாட்டேனா என்று இருந்திருக்கிறது. பையன் பிழைத்தால் காலில் தெம்பு இருக்கும்வரை ஒவ்வொரு பௌர்ணமியும் சுற்றுகிறேன் என்று அப்போது வேண்டிக்கொண்டாராம். அப்புறம் ஒரு மாதம்கூட அவர் தவறியதில்லை. நடுவில் ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து இடது கால் முறிந்தபோது மட்டும் இரண்டு மாதம் விட்டுப்போயிற்று. கட்டுப் பிரித்த மாதமே நடந்துவிட்டார். அதிலிருந்து இடது காலை லேசாகத் தேய்த்துத்தான் வைப்பார்.

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு மரமும் சுவரும் படிக்கட்டும் வரைந்துகொண்டிருந்தேன். யாரோ சுடுவதற்கும் ஒளிவதற்கும் நான் சுவர் செய்ய வேண்டும். ஊரடங்கில் வீட்டோடு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அடுத்தவனுக்குச் சுவர் கட்டியது போதும், நமக்கென்று ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

'வலப்பக்கம்' என்று பெயர் வைத்தேன். விளையாடுகிறவர் ஆளில்லாத கிரிவலப் பாதையில் தனியாக நடக்க வேண்டும். வலது ஓரத்தில் கூடவே ஒரு காலடி கேட்கும். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திரை இருண்டுவிடும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆயுதம் கிடையாது, ஓடவும் முடியாது. வலப்பக்கம் நடப்பது யார் என்பதைக் கடைசியில் காட்டுவதாக இருந்தேன். எதைக் காட்டுவது என்று எனக்கே தெரியாது.

காலடிச் சத்தத்துக்கு விலை கொடுத்து வாங்கும் ஒலிகள் எதுவும் ஒத்துவரவில்லை. எல்லாம் பூட்ஸ் கால், மரத்தரை. வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கிற சத்தம் யாரிடமும் இல்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"உன் நடைய ரெக்கார்டு பண்ணணும்பா."

"எதுக்குடா?"

"கம்ப்யூட்டர்ல கிரிவலம் பண்றேன்."

அது பொய்யில்லை. ஆனால் மீதியைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மறுநாளே லாட்ஜ் பையன்களிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் விஷயம் போய்விட்டது. "நம்ம மலைய கம்ப்யூட்டர்ல கொண்டாறான். வெளிநாட்டுக்காரங்கல்லாம் பாக்கறதுக்கு. என் காலத்தான் வெச்சு எடுக்கப்போறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ்ளோ பேசறாரே, கடைசில இல்லனு சொல்லிடாத" என்றாள்.

மாசி மாதம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எடுத்தோம். சட்டையில் குத்தும் சின்ன மைக்கை அவர் கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். ரெக்கார்டர் அவர் இடுப்பு பெல்ட்டில். ராஜகோபுரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். நான் பைக்கில் முன்னால் போய் ஒவ்வொரு லிங்கத்துக்கும் பக்கத்தில் காத்திருந்து, பேட்டரியைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். பாதையில் மொத்தம் எட்டு லிங்கக் கோயில்கள். எட்டிலும் அப்பா நின்றார். கண்ணை மூடி, மெதுவாக ஒரு அரோகரா சொல்லிவிட்டு நடந்தார். அடி அண்ணாமலையில் டீ குடிக்கலாமா என்று கேட்டதற்கு வாயில் விரலை வைத்து, மைக்கைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினார். பேசினால் ரெக்கார்டிங் கெட்டுவிடுமாம். அவ்வளவு பொறுப்பு. வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோது, "காலு தேயற சத்தம் ஜாஸ்தியா கேக்குதே, அத கம்மி பண்ண முடியாதா?" என்று கேட்டார். அதுதான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அந்தத் தேய்ப்புதான் விளையாட்டின் உயிர். ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. அரோகராவைத் தணித்து, இழுத்து, உறுமல் மாதிரி ஆக்கினேன். எட்டு இடத்தில் அவர் நின்றதை அப்படியே விட்டுவிட்டேன். காலடி திடீரென்று நின்றால் கேட்கிறவனுக்குக் குலை நடுங்குகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆடி மாதம் ஒரு முன்னோட்டத்தை இலவசமாக வெளியிட்டேன். முழுச் சுற்றும் அதில் இருந்தது. கதை மட்டும் இல்லை. நாலு மணி நேரம் ஒன்றுமே நடக்காது, காலடி மட்டும் கேட்கும். யாரும் சீந்த மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்றுமே நடக்காததுதான் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. யார் யாரோ விளையாடி, அலறி, அந்த அலறலை வீடியோ எடுத்துப் போட்டார்கள். இணையத்தில் ஒரு குழு சேர்ந்தது. மொழி தெரியாத நாடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். அந்தக் காலடி ஏன் எட்டு இடத்தில் நிற்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எட்டு கொலை என்றான் ஒருவன். எட்டும் எட்டு வாசல், எட்டாவது திறந்தால் உலகம் முடிந்துவிடும் என்று இன்னொருவன் படமெல்லாம் போட்டு விளக்கினான். நான் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு, 'பொறுத்திருந்து பாருங்கள்' என்று பதில் போட்டேன். தலைகால் புரியாமல் ஆடிய காலம் அது.

ஆவணியில் கீழ்பென்னாத்தூரில் என் தங்கச்சி மகளுக்குக் காது குத்தினார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தங்கச்சி வீட்டுக்காரர் போனை எடுத்தார். "மச்சான் கேம் எப்படி ஓடுது பாருங்க" என்று எல்லோருக்கும் காட்டினார். நல்ல மனசோடுதான் காட்டினார். சென்னைப் பையன் ஒருவன் விளையாடுகிற வீடியோ. காலடி நிற்கிறது, அவன் நாற்காலியிலிருந்து துள்ளி, கெட்ட வார்த்தையில் அந்தக் காலடியைத் திட்டுகிறான். சுற்றி இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்பாவும் என்னவோ என்று எட்டிப் பார்த்தார். போனை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது என் காலாச்சே," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கை கழுவுகிற இடத்துக்குப் போய், கழுவிய கையையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் டவுன் எல்லைக்கு வந்தது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பக்கம் யாரு நடக்கறாங்கனு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா."

"தெரிஞ்சுதான் பண்ணியா?"

சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன். இது கலை, இது கற்பனை, யாரையும் புண்படுத்த இல்லை, உலகமே பாராட்டுகிறது. பஸ் நின்றதும் அவர் முதலில் இறங்கிப் போனார்.

அந்தப் பௌர்ணமிக்கு அப்பா போகவில்லை. கால் வலி என்றார். புரட்டாசிப் பௌர்ணமிக்கும் அதேதான். மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. தெருவில் ஜனம் சாரிசாரியாக மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. கால் வலி என்றால் டாக்டரிடம் போகலாம் என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"காலு வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கேட்டதுக்கு என்னா சொன்னாரு தெரியுமா? நான் எடுத்து வெக்கிற அடிய கேட்டு எங்கயோ எவனோ பயந்து அலறிக்கினு இருக்கான், எப்படிமே நடக்கறதுனு கேட்டாரு. நான் என்னாடா சொல்றது?"

அன்று சாயங்காலம் முழுக்க அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷ வேலை. என் பேரைச் சொல்ல நான் செய்த ஒரே காரியம். காலடியை மட்டும் மாற்றிவிடலாமே என்று பார்த்தேன். வேறு யாரையாவது நடக்கவைத்து எடுக்கலாம். ஆனால் அந்தச் சாலையின் வலப்பக்கத்தை என்னால் இனிமேல் பயமாக ஆக்க முடியவில்லை. வேலை செய்ய உட்கார்ந்தால் சாக்கடை மூடிமேல் ஏறி நடக்கிற மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். மூன்றாம் நாள் அறிவிப்பு எழுதினேன். இங்கிலீஷில், நாலே வரி. 'வலப்பக்கம் இத்துடன் நிறுத்தப்படுகிறது. காரணம் சொந்த விஷயம். முன்னோட்டத்தை எடுத்துவிடுகிறேன். மன்னிக்கவும்.' குழுவில் கெஞ்சினார்கள், அழுதார்கள், திட்டினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

இதுவரை நான் செய்ததில் பெரிய குற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம்.

நான் நிறுத்தியதை அப்பாவிடம் சொல்லவில்லை.

மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம். அவருக்காக என் கையாலேயே அதன் கழுத்தைத் திருகிப் போட்டிருக்கிறேன். அவரே வந்து கேட்கட்டும், என்னாடா ஆச்சு உன் வேலைனு ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்போது சொல்கிறேன் என்று இருந்தேன். கேட்டால் எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நிதானமாக, முகத்தைப் பார்க்காமல், 'அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு' என்று. அவர் தலைகுனிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் கேட்கவில்லை. என் அறைக் கதவு சாத்தியிருந்தால் நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நான் உள்ளே சும்மா படுத்திருந்தேன். சாப்பிடும்போது ரசம் வேணுமா, மோர் வேணுமா என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஐப்பசிப் பௌர்ணமிக்கும் போகவில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே கொள்ளாத கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் சுற்றுகிறார்கள். அப்பா மொட்டைமாடியில் நின்று மலை உச்சியில் ஏற்றிய தீபத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், இரண்டடி தள்ளி. சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. இவ்வளவு பிடிவாதக்காரருக்கு என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டேன். பிடிவாதம் யாருக்கு என்று இப்போது தெரிகிறது.

மார்கழியில் ஒரு காலை, பால் வாங்கப் போனவர் கடைப் படியில் உட்கார்ந்தார். கொஞ்சம் தண்ணி குடுப்பா என்று கேட்டாராம். கடைக்காரர் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பி, நான் ஓடி, ஆட்டோவில் ஏற்றி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆட்டோவில் போகும்போது அவர் காதில் சொன்னேன்: "நிறுத்திட்டேன்பா, எப்பவோ நிறுத்திட்டேன்." ஆட்டோ இரைச்சலில் எனக்கே அது கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அம்மா அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த காலடி வெளையாட்டு இன்னும் ஓடுதாடா?"

"நிறுத்திட்டேன்மா."

"எப்ப?"

"பொரட்டாசில."

மடித்த சட்டையை அவள் மறுபடி விரித்தாள். கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா போயிருப்பாரேடா," என்றாள்.

அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை, இன்றுவரை பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நாலு வரியில் சொன்னேன். அடுத்த அறையில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவருக்குச் சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மத்தியானம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார், எனக்காக வேண்டிக்கொண்ட வேண்டுதலை நிறைவேற்ற முடியாமல். எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும். அவரை எழுந்திருக்க வைக்க ஒரு வரி போதும். அந்த வரி என்னிடம் இருந்தது.

அவர் குரலைக் கேட்க வேண்டும் போல் இருந்த ஒரு நாள், பழைய ரெக்கார்டிங்கைத் தேடினேன். மூலம் இல்லை. உறுமலாக மாற்றியதை அதன் மேலேயே சேமித்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டையும் ஆத்திரத்தில் அழித்திருந்தேன். முன்னோட்டத்தைத் தரவிறக்கி வைத்திருந்தவர்களிடம்தான் அப்பாவின் காலடி மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. வேறு பெயரில் அந்தக் குழுவுக்குள் போனேன்.

கலைந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் பேர் கலையவில்லை. குளிர் தேசத்தில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண், காலடி நிற்கிற எட்டு இடங்களையும் எங்கள் ஊர் வரைபடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தேடித் தேடி, படங்கள் பார்த்து, எழுதியிருந்தாள்: 'எட்டும் சின்னச் சின்னக் கோயில்கள். இந்த ஆள் நம்மைத் துரத்தவில்லை. வழியில் நின்று சாமி கும்பிடுகிறார். அவ்வளவுதான். பாவம், கால் வேறு சரியில்லை.'

நான் உறுமலுக்குள் மூடி மறைத்ததை அவள் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

அதிலிருந்து பௌர்ணமிதோறும் ஏழெட்டுப் பேர் அவரவர் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் அந்த முன்னோட்டத்தைத் தொடங்கி, குழுவில் எழுதிக்கொண்டே நாலு மணி நேரம் நடக்கிறார்கள். இங்கே காலை பத்து மணி என்றால் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரம். ஒரு பௌர்ணமியில் நானும் அவர்களிடம் முன்னோட்டத்தை வாங்கிச் சேர்ந்துகொண்டேன். நான் புதியவன் என்று நினைத்து அந்த நர்ஸ் எனக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். இடது ஓரமாக வா. வலப்பக்கம் பெரியவருடையது, அவரை இடிக்காதே. அவர் நின்றால் நாமும் நிற்க வேண்டும். நான் சரி சரி என்று எழுதினேன். ஒரு அடி, ஒரு இழுப்பு. ஹெட்போனில் வலது காதில் அப்பா வந்தார். கண்ணில் நீர் முட்டி, திரையில் பாதை கலங்கிவிட்டது.

மூன்றாவது லிங்கத்தில் காலடி நின்றபோது எல்லோரும் நின்றார்கள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. இதைச் செய்தவன் நான், அது என் அப்பாவின் கால் என்று எழுதிவிட்டேன். முதலில் யாரும் நம்பவில்லை. மைக்கை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, அடி அண்ணாமலையில் டீ வேண்டாம் என்று வாயில் விரல் வைத்தது, இடது கால் முறிந்தது எல்லாம் சொன்னேன். அவர் இப்போது இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. விளையாட்டு நின்றதற்கு என்ன காரணம், கடைசியில் யாரைக் காட்டுவதாக இருந்தாய் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. காலடி மறுபடி கிளம்பியது. எல்லோரும் கூடவே கிளம்பினோம்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் எனக்குத் தனியாக எழுதினாள்: 'நாங்கள் பயப்படவில்லை, அவர் நிற்கிற இடத்திலெல்லாம் நாங்களும் நிற்கிறோம் என்று உங்கள் அப்பாவிடம் சொல்வீர்களா?'

சொல்கிறேன் என்று எழுதினேன்.